பர்சிலாய்: பெயர் நிலைத்தது, ஏடு கிடைக்கவில்லை

ஒரு பெயருக்குப் பொருள் என்ன என்பது ஒரு கேள்வி. அந்தப் பெயர் ஒரு குடும்பத்துக்கு எப்படி வந்தது என்பது இன்னொரு கேள்வி. கேட்கும்போது ரெண்டும் ஒன்று போலத் தெரியும். முதல் கேள்விக்கு அகராதி பதில் சொல்லிவிடும். இரண்டாவதுக்கு வரலாற்றைத்தான் புரட்டணும். தேர்வில் பெயர்ச்சொல் வரலாறு, குலமரபு, ஆவணம் போன்ற தலைப்புகள் வரும்போது மாணவர்கள் பலர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு, இரண்டுக்கும் எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் ஒரு பெயரை இங்கே எடுத்துக்கொள்வோம். எபிரேய வேதாகமத்தில் அபூர்வமாக வரும் பெயர் அது: பர்சிலாய். எபிரேய ஒலிப்பில் 'பர்ஸில்லாய்' என்று வரும். தமிழ் வேதாகமப் பதிப்புகளில் எழுத்து கொஞ்சம் முன்னேபின்னே இருக்கலாம். வேதாகமத்தை இங்கே பழங்கால மூலநூலாக மட்டும் வைத்துப் படிக்கிறோம். எந்தச் சமயத்தைச் சேர்ந்த மாணவரும் இந்தப் பாடத்தைப் படிக்கலாம்.

பெயர் எங்கெங்கே வருகிறது?

வேதாகமம் முழுக்கத் தேடினாலும் இந்தப் பெயரைத் தாங்கியவர்கள் மூன்று பேர்தான்.

முதலாமவர் கீலேயாத் நாட்டுப் பர்சிலாய். யோர்தான் நதிக்குக் கிழக்கே, ரோகிலிம் என்ற ஊரில் வாழ்ந்த பெரிய செல்வந்தர். தாவீது அரசனின் காலத்தவர். அவர் கதை 2 சாமுவேல் நூலில் 17, 19 ஆகிய அதிகாரங்களில் இருக்கிறது.

இரண்டாமவர் மேகோலா ஊர்க்காரர். சவுல் அரசனின் மகளை மணந்த அத்ரியேலுக்கு அப்பா. 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் ஒரே ஒரு வரியில் வந்துபோகிறார்.

மூன்றாமவர்தான் நமக்கு முக்கியம். அவர் பிறப்பால் பர்சிலாய் இல்லை. ஆசாரியர் குலத்தில் பிறந்தவர். கீலேயாத்துப் பர்சிலாயின் வழிவந்த ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, பெண் வீட்டாரின் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டார். அதன்பிறகு அவருடைய சந்ததி 'பர்சிலாயின் புத்திரர்' என்றே அறியப்பட்டது. எஸ்றா 2ஆம் அதிகாரமும் நெகேமியா 7ஆம் அதிகாரமும் இதைச் சொல்கின்றன.

ஆக, ஒரு மனிதரின் பெயர் ஒரு குடும்பத்தின் பெயராக மாறிய இடம் இந்தத் திருமணம்.

சொல்லின் பொருள்

'பர்ஸெல்' என்றால் எபிரேயத்தில் இரும்பு. அதோடு 'ஆய்' என்ற ஈறு சேர்ந்தால் பர்ஸில்லாய். இந்த ஈறு எபிரேயப் பெயர்களில் ஒன்றோடு தொடர்புடையவர் என்ற பொருளைத் தரும். ஆகாய் என்ற தீர்க்கதரிசியின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹக்' என்றால் திருவிழா. ஹக்காய் என்றால் திருவிழாவோடு தொடர்புடையவர், அநேகமாக விழா நாளில் பிறந்தவர். அதே முறையில் பர்ஸில்லாய் என்றால் இரும்புக்காரர், இரும்பு போன்றவர்.

எபிரேயப் பெயர்களில் பெரும்பகுதி இறைவன் பெயரை உள்ளே வைத்திருக்கும். 'ஏல்' என்றும் 'யா' என்றும் முடியும் பெயர்களைப் பார்த்தாலே தெரியும்: சாமுவேல், தானியேல், எரேமியா, நெகேமியா. இன்னொரு சிறு கூட்டம் இயற்கையிலிருந்தும் பொருள்களிலிருந்தும் வரும். தெபோராள் என்றால் தேனீ. யோனா என்றால் புறா. தாமார் என்றால் பேரீச்ச மரம். பர்சிலாய் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது.

'பர்ஸெல்' என்ற சொல்லே ஒரு விந்தையான சொல்தான். எபிரேயம், அரபு, அரமேயம் போன்ற செமித்திய மொழிகளில் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து கிளைக்கும். க-த-ப என்ற வேர் எழுதுவதைக் குறிக்கும். மலாய்மொழியில் நாம் அன்றாடம் கேட்கிற 'கித்தாப்' என்ற சொல் அரபு வழியாக வந்த அதே வேர்தான். 'பர்ஸெல்' இந்த அச்சில் அடங்கவில்லை. ப-ர-ஸ-ல என்று நான்கு மெய்கள் இருக்கின்றன. அக்காடிய மொழியில் இரும்புக்குப் 'பர்ஸில்லு' என்று பெயர். அரமேயத்தில் 'பர்ஸ்லா'. அக்காடியத்திலும் அரமேயத்திலும் முதல் எழுத்து 'பல்' என்பதில் வரும் ப. எபிரேயத்தில் அது 'பஸ்' என்பதில் வரும் ப. இப்படி ஒலி கொஞ்சம் மாறி மொழிக்கு மொழி தாவியிருப்பதால், இது இரும்புத் தொழிலோடு சேர்ந்து ஊர் ஊராக நடந்து வந்த கடன்சொல் என்று மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். பொருள் போகும் இடமெல்லாம் அதன் பெயரும் கூடவே போகும் என்பதற்கு நல்ல உதாரணம்.

இரண்டு தவறான விளக்கங்கள்

இந்தப் பெயருக்கு வேறு விளக்கங்களும் புழக்கத்தில் உண்டு. அவை ஏன் சரிப்பட்டு வராது என்று பார்ப்பது நல்ல பயிற்சி.

முதல் விளக்கம்: 'பர்' என்றால் அரமேயத்தில் மகன், ஆகவே பர்சிலாய் என்றால் 'சிலாயின் மகன்'. கேட்க நியாயமாகத்தான் இருக்கு. பர்த்தொலொமேயு, பரபாஸ், பர்னபா என்று புதிய ஏற்பாட்டில் 'பர்' என்று தொடங்கும் பெயர்கள் நிறைய. ஆனால் அவை அரமேயம் மக்களின் பேச்சுமொழியாகிவிட்ட காலத்துப் பெயர்கள். கீலேயாத்துப் பர்சிலாய் அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முந்தியவர். எபிரேயத்தில் மகனுக்குப் 'பென்' என்று பெயர். அரபு வழியாக மலாய்ப் பெயர்களில் வரும் 'பின்' இதற்கு உறவுச்சொல். அதுமட்டுமில்லாமல், 'பர்ஸெல்' என்ற முழுச்சொல்லே மொழியில் இருக்கும்போது அதை நடுவில் வெட்டிப் பொருள் சொல்லத் தேவையே இல்லை.

இரண்டாவது விளக்கம் யூத மரபில் அன்போடு சொல்லப்படுவது. யாக்கோபின் பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்ற நான்கு பெண்கள் பில்காள், ராகேல், சில்பாள், லேயாள். இவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் எபிரேயத்தில் ப-ர-ஸ-ல, அதாவது 'பர்ஸெல்' என்று வரும். அழகான சொல்விளையாட்டு. ஆனால் இது சொல் பிறந்து நெடுங்காலம் கழித்து வந்த விளக்கம். இரும்பு என்ற சொல் அக்காடியத்திலும் இருக்கிறதே, அங்கே ராகேலும் லேயாளும் ஏது? ஒரு சொல்லின் பிறப்பு வேறு, பிறகு அதன்மேல் மக்கள் ஏற்றி வைத்த பொருள் வேறு.

கீலேயாத்தும் இரும்பும்

இரும்பு என்று பெயர் வைத்த மனிதர் கீலேயாத்துக்காரர் என்பது கவனிக்கத்தக்கது. இன்றைய யோர்தான் நாட்டின் வடமேற்கு மலைப்பகுதிதான் கீலேயாத். அங்கே அஜ்லூன் பக்கம் முகாரத் அல்வர்தா என்ற பழைய இரும்புத்தாதுச் சுரங்கம் இருக்கிறது. அதற்குச் சில கிலோமீட்டர் தொலைவில், சர்கா ஆற்றுப் பள்ளத்தாக்கில், தெல் ஹம்மே என்ற மேட்டில் தொல்லியலாளர்கள் இரும்பு உருக்கிய உலைக்கழிவுகளைக் கண்டெடுத்தார்கள். அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 930. உலகில் இரும்பு உருக்கியதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இடங்களில் அதுவும் ஒன்று. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ், யோர்தானுக்குக் கிழக்கே 'இரும்பு மலை' என்ற பெயரில் ஒரு மலை இருந்ததைக் குறிப்பிடுகிறார்.

இதை வைத்துப் பர்சிலாய் குடும்பம் இரும்புத் தொழில் செய்தது என்று எழுதிவிடலாமா? கூடாது. மூலநூல் அவரைச் செல்வந்தர் என்கிறது, தொழில் என்ன என்று சொல்லவில்லை. இரும்பு வளமான நிலத்தில் இரும்பின் பெயர் வைத்த மனிதர் வாழ்ந்தார் என்பது வரைக்கும் சான்று நம்மைக் கொண்டுபோகும். அதற்குமேல் போவது ஊகம். தேர்வில் இந்த எல்லையைக் காட்டி எழுதினால் பதிலின் தரம் உயரும்.

பசித்து வந்த அரசனுக்குச் சாப்பாடு

இனி மனிதரைப் பார்ப்போம். தாவீதின் ஆட்சி ஏறத்தாழ கி.மு. 1010 முதல் 970 வரை என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். அவனுடைய சொந்த மகன் அப்சலோமே கலகம் செய்து எருசலேமைப் பிடித்துக்கொண்டான். தாவீது உயிர்தப்பி யோர்தானைக் கடந்து மக்னாயீம் என்ற ஊருக்கு ஓடினான். கூட வந்த ஆட்கள் களைத்துப் பசியோடு இருந்தார்கள். அந்த நேரத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. தோற்கிற பக்கம் போய் நின்றால் தலை போகும்.

அப்போது மூன்று பேர் உதவிக்கு வந்தார்கள். அம்மோனியனான சோபி, லோதேபாரைச் சேர்ந்த மாகீர், பர்சிலாய். அவர்கள் கொண்டுவந்ததைப் பட்டியல் போட்டே சொல்கிறது நூல்: படுக்கை, பாத்திரம், கோதுமை, வாற்கோதுமை, மாவு, வறுத்த தானியம், அவரை, பருப்பு, தேன், வெண்ணெய், ஆடு, பாற்கட்டி. ஒரு படையைத் தாங்கும் அளவுக்கு வீட்டுப் பொருள்.

கலகம் அடங்கிய பிறகு அரசன் அவரை எருசலேமுக்கு அழைத்தான், கூடவே வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். பர்சிலாய்க்கு அப்போது வயது 80. சாப்பாட்டின் ருசியும் தெரியவில்லை, பாட்டுக் கேட்கவும் காது இல்லை, நான் வந்து உமக்குப் பாரமாக இருப்பானேன் என்ற பொருள்பட மறுத்துவிட்டார். சொந்த ஊரில், பெற்றோரைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் சாகவேண்டும் என்பதே அவர் விருப்பம். தனக்குப் பதிலாகக் கிம்காம் என்ற இளைஞனை அனுப்பினார். தாவீது சாகும் தறுவாயில் மகன் சாலொமோனிடம், பர்சிலாயின் பிள்ளைகள் உன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று சொல்லிவைத்தான். இது 1 ராஜாக்கள் 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

ஏறத்தாழ நானூறு ஆண்டு கழித்தும் பெத்லெகேம் பக்கத்தில் கிம்காமின் பெயரால் ஓர் இடம் இருந்ததை எரேமியா 41ஆம் அதிகாரம் குறிப்பிடுகிறது. அரசர் கொடுத்த நிலமாக இருக்கலாம் என்பது பலர் கருத்து.

இங்கே ஒன்றை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்தின் பெருமை சாப்பாட்டில் தொடங்குகிறது. அரசனுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், அதற்குக் கைம்மாறாக அரசன் பந்தியில் இடம் கிடைத்தது.

மாமனார் வீட்டுப் பெயர்

பழங்கால எபிரேயரிடம் இன்று மேலைநாட்டில் உள்ளதுபோல் நிலையான குடும்பப்பெயர் கிடையாது. இன்னாருடைய மகன் இன்னார் என்று அப்பா பெயரால் அறியப்படுவார்கள். நம் அடையாள அட்டையில் உள்ள தந்தைபெயர் முறை மாதிரிதான். அதற்கு மேலே 'தகப்பன் வீடு' என்ற கூட்டுக்குடும்பம், அதற்கும் மேலே குலம், கோத்திரம். பெயரும் நிலமும் அப்பா வழியிலேயே இறங்கும்.

அப்படிப்பட்ட சமூகத்தில் ஓர் ஆசாரியர் மனைவி வீட்டுப் பெயரை ஏற்றுக்கொண்டது வழக்கத்துக்கு மாறான செயல். எஸ்றா நூல் அவருடைய இயற்பெயரையோ மனைவியின் பெயரையோ சொல்லவில்லை. ஆனால் கிரேக்க மொழியில் உள்ள 1 எஸ்திராஸ் என்ற நூல் அதே பட்டியலைத் தரும்போது இரண்டு பெயரையும் தருகிறது. கணவர் யாதுஸ், மனைவி அவுகியா.

ஏன் பெயரை மாற்றினார்? மூலநூல் காரணம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்துச் சட்டம் ஒரு வழியைக் காட்டுகிறது. எண்ணாகமம் 27, 36 ஆகிய அதிகாரங்களில் செலோப்பியாத் என்பவரின் ஐந்து மகள்கள் வழக்கு வருகிறது. ஆண்பிள்ளை இல்லாத அப்பாவின் நிலம் மகள்களுக்கு வரலாம் என்று அங்கே தீர்ப்பாகிறது. அந்த மகள்களும் கீலேயாத்தின் வழிவந்தவர்களே. 1 நாளாகமம் 2ஆம் அதிகாரத்தில் சேசான் என்பவர் மகன் இல்லாததால் மகளை எகிப்திய வேலைக்காரனுக்குக் கொடுக்கிறார், வம்சம் மகள் வழியாகத் தொடர்கிறது. பர்சிலாயின் வழியில் ஒரு கிளையில் ஆண்வாரிசு இல்லாமல்போய், வீட்டுக்கு வந்த மருமகன் அந்தப் பெயரையும் சொத்தையும் காத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வது இந்த வழக்கங்களை வைத்துத்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எபிரேயச் சட்டப்படி ஆசாரியருக்கு நிலப்பங்கு கிடையாது. காணிக்கையிலிருந்தும் பலியிலிருந்தும் வரும் பங்குதான் அவர்களுக்குச் சோறு. ஆசாரியர் ஒருவர் நிலமுள்ள குடும்பத்தின் பெயரை ஏற்றுக்கொண்டால், அவர் எந்தப் பக்கத்து ஆள்? இந்தக் கேள்விதான் பேரப்பிள்ளைகளின் தலையில் வந்து விடிந்தது.

ஏடு கிடைக்கவில்லை

கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமை எரித்தார்கள். கோயிலும் போனது, அரண்மனையும் போனது. மக்களில் ஒரு பகுதியினர் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கி.மு. 539இல் பாரசீக அரசன் கோரேசு பாபிலோனைப் பிடித்தான். அடுத்த ஆண்டிலிருந்து யூதர்கள் திரும்பிப்போக அனுமதி கிடைத்தது.

திரும்பியவர்களின் பட்டியல்தான் எஸ்றா 2ஆம் அதிகாரம். மொத்தம் 42,360 பேர் என்கிறது. அதில் ஆசாரியக் குடும்பங்கள் நான்கு. எண்ணிக்கை 973, 1,052, 1,247, 1,017. கூட்டிப் பார்த்தால் 4,289. அதாவது பத்தில் ஒருவர் ஆசாரியர்.

பிறகு ஒரு சின்னப் பட்டியல் வருகிறது. தாங்களும் ஆசாரியர் என்று சொன்ன மூன்று குடும்பங்கள்: அபாயா, கோஸ், பர்சிலாய். தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. 'எழுத்து' என்று பொருள்படும் எபிரேயச் சொல்தான் அங்கே அந்த அட்டவணையைக் குறிக்கிறது. நாம் மேலே பார்த்த க-த-ப வேர், 'கித்தாப்' என்பதன் உறவு. எழுத்து இல்லை என்றதும் மூவரையும் ஆசாரியத்துவத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். 'தீட்டானவர்கள்' என்று பொருள் தரும் கடுமையான வினைச்சொல் அங்கே பயன்படுகிறது.

தீர்ப்பைச் சொன்னவர் ஆளுநர். அவரை 'திர்ஷாதா' என்ற பாரசீகப் பட்டத்தால் நூல் குறிக்கிறது. தீர்ப்பு இதுதான்: ஊரீம், தும்மீம் வைத்துக் கேட்கக்கூடிய ஓர் ஆசாரியர் எழும்பும்வரை இவர்கள் மகா பரிசுத்தமான உணவைச் சாப்பிடக்கூடாது.

ஊரீம், தும்மீம் என்பவை இறைவனிடம் தீர்ப்புக் கேட்கத் தலைமை ஆசாரியர் பயன்படுத்திய பொருள்கள். சிறையிருப்புக்குப் பிறகு யாரும் அவற்றைப் பயன்படுத்தியதாக வேதாகமத்தில் செய்தி இல்லை. முதற்கோயில் அழிந்ததோடு அவை நின்றுபோயின என்று தல்மூத் சொல்கிறது. அந்த நூலின் விளக்கப்படி, ஆளுநரின் வார்த்தை 'செத்தவர் உயிர்த்தெழும்வரை, மேசியா வரும்வரை' என்று சொல்வதற்குச் சமம். வாயால் மறுக்கவில்லை, தள்ளித்தான் வைத்தார். ஆனால் தள்ளிவைத்த நாள் வருவதற்கு வழியில்லை.

இப்போது முன்னே குறித்துவைத்ததை எடுத்துப் பாருங்கள். முன்னோர் பசித்து வந்த அரசனுக்குச் சாப்பாடு போட்டவர். அவர் பிள்ளைகள் அரசன் பந்தியில் உட்காரலாம் என்று அரசனே சொன்னான். நானூறு ஆண்டுக்குமேல் கழித்து அதே பெயரைத் தாங்கி வந்தவர்களிடம் அதிகாரி சொன்னது: இந்தச் சாப்பாட்டில் உங்களுக்குப் பங்கில்லை. ஆசாரியருக்கு அந்த உணவு வெறும் மரியாதை கிடையாது, பிழைப்பே அதுதான்.

பெயரில் சந்தேகம் யாருக்கும் இல்லை. அவர்கள் பர்சிலாயின் புத்திரர் என்று பட்டியலே எழுதியிருக்கிறது. ஆனால் பர்சிலாய் என்ற பெயர் மனைவி வழி வந்தது. அது கீலேயாத்தோடு உள்ள உறவைத்தான் காட்டும். ஆசாரியர் என்று நிரூபிக்க அப்பா வழி ஏடு வேணும். பெயர் எவ்வளவு புகழ்பெற்றதோ, அவ்வளவுக்கு அது அப்பா வழியை மறைத்துவிட்டது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்து நிற்கும் பெற்றோரைப் பார்த்த ஆசிரியர்களுக்கு இந்த நிலைமையை விளக்கவே தேவையில்லை.

ஆளுநர் பக்கம் நியாயம் உண்டா?

வரலாற்றுக் கட்டுரை ஒரு பக்கம் மட்டும் பேசக்கூடாது. ஆளுநர் பக்கமும் பார்ப்போம்.

நாடு போய், அரசன் போய், கோயிலும் போன மக்கள் அவர்கள். தங்களை ஒரு சமூகமாகக் கட்டிவைக்க மிஞ்சியது குலவரிசை மட்டும்தான். 'வம்சத்தில் பதிவாதல்' என்று பொருள்படும் எபிரேய வினைச்சொல் நாளாகமம், எஸ்றா, நெகேமியா ஆகிய பிற்கால நூல்களில் மட்டுமே வருகிறது. பதிவு என்ற எண்ணமே அந்தக் காலத்தில்தான் இத்தனை அழுத்தம் பெற்றது என்பதற்கு இது ஒரு மொழிச் சான்று. ஆசாரியர் அல்லாதவர் பரிசுத்த உணவைத் தொடக்கூடாது என்பது லேவியராகமம் 22ஆம் அதிகாரத்தின் சட்டம். சான்று இல்லாதவரை அனுமதித்தால் ஆளுநர் அந்தச் சட்டத்தை மீறியவர் ஆவார். நாட்டைவிட்டுத் துரத்தவில்லை, சமூகத்திலிருந்தும் தள்ளவில்லை என்பதையும் குறிப்பிடணும். மூன்று குடும்பங்களும் பட்டியலில் இருக்கிறார்கள்.

இந்த வழக்கம் பிறகும் தொடர்ந்தது. ஜோசபஸ் தானே ஓர் ஆசாரியர். கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பியோனுக்கு எதிராக எழுதிய நூலில் இதை விளக்குகிறார். எகிப்திலோ பாபிலோனிலோ வாழ்ந்த ஆசாரியர்களும் கல்யாணம் செய்யும்போது மணப்பெண்ணின் முன்னோர் பெயர்களை எழுதி எருசலேமுக்கு அனுப்புவார்களாம். போர் வந்து போனால், தப்பிய ஆசாரியர்கள் பழைய ஏடுகளை வைத்துப் புதிய பதிவேடு தயாரிப்பார்களாம். ஒருமுறை ஏடு தொலைந்து பட்ட பாட்டை அந்தச் சமூகம் மறக்கவில்லை என்று தெரிகிறது.

ஒரே தீர்ப்பு, இரண்டு முடிவு

பர்சிலாயோடு சேர்ந்து விலக்கப்பட்ட கோஸ் குடும்பத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். எபிரேயத்தில் 'ஹக்கோஸ்', பொருள் 'முள்'. இதுவும் அபூர்வமான பெயர்தான்.

கி.மு. 445 வாக்கில் நெகேமியா எருசலேம் மதிலைக் கட்டியபோது, கோஸின் பேரனும் உரியாவின் மகனுமான மெரெமோத் மதிலின் இரண்டு பகுதிகளைக் கட்டியதாக நெகேமியா 3ஆம் அதிகாரம் சொல்கிறது. எஸ்றா 8ஆம் அதிகாரத்தில் உரியாவின் மகன் மெரெமோத் என்ற ஆசாரியர், கோயிலுக்கு வந்த வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து வாங்குகிறார். இருவரும் ஒருவரே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 1 நாளாகமம் 24ஆம் அதிகாரத்தில் 24 ஆசாரியப் பிரிவுகளில் ஏழாவது பிரிவு கோஸ். கி.மு. 161 வாக்கில் யூதா மக்கபே ரோமாபுரிக்கு அனுப்பிய தூதர் யூப்போலெமு, 1 மக்கபேயர் 8ஆம் அதிகாரப்படி 'அக்கோஸ்' வழிவந்தவர். அது ஹக்கோஸின் கிரேக்க வடிவம்.

அப்படின்னா கோஸ் குடும்பம் எப்படியோ மீண்டுவிட்டது. பர்சிலாய்? 24 பிரிவுகளில் அந்தப் பெயர் இல்லை. அதற்குப்பின் வேதாகமத்தில் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கோஸ் என்பது அப்பா வழி ஆசாரியப் பெயர். பர்சிலாய் என்பது மாமனார் வழிப் பெயர். ஒன்று மீண்டதற்கும் மற்றது மறைந்ததற்கும் இந்த வேறுபாடு காரணமாக இருக்கக்கூடும். மூலநூல் வெளிப்படையாகச் சொல்லாததால், இதை ஒரு முடிவாக எழுதாமல் ஒரு விளக்கமாக எழுதுவதே சரி.

பெயர் மட்டும் நடந்தது

குடும்பம் மறைந்தாலும் பெயர் மறையவில்லை. ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் 11, 12ஆம் நூற்றாண்டு வாக்கில் யூதா பென் பர்சிலாய் என்ற சட்ட அறிஞர் வாழ்ந்தார். இன்று இஸ்ரேலின் அஷ்கெலோன் நகரில் பர்சிலாய் மருத்துவமனை இருக்கிறது. அந்நாட்டின் சுகாதார அமைச்சராக இருந்த இஸ்ரேல் பர்சிலாயின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அவர் 1913இல் போலந்தில் பிறந்தவர். பிறந்தபோது அவருடைய குடும்பப்பெயர் ஐசென்பெர்க். ஜெர்மானிய மொழியில் 'ஐசென்' என்றால் இரும்பு, 'பெர்க்' என்றால் மலை. ஐரோப்பியப் பெயரை எபிரேயமாக்கிக்கொள்ளும் வழக்கப்படி அது பர்சிலாய் ஆனது.

இங்கேதான் நம் முதல் கேள்வி திரும்ப வருகிறது. கீலேயாத்துச் செல்வந்தர், ஆசாரிய மருமகன், போலந்தில் பிறந்த அமைச்சர் ஆகிய மூவருக்கும் பெயரின் பொருள் ஒன்றுதான், இரும்பு. ஆனால் பெயர் வந்த வழி மூன்று. ஒருவருக்குப் பிறப்பால், ஒருவருக்குத் திருமணத்தால், ஒருவருக்கு மொழிபெயர்ப்பால். அகராதியை மட்டும் பார்த்தவர் மூவரையும் ஒரே வம்சம் என்று எழுதிவிடுவார்.

வகுப்பறைக்கு

பெயர் பற்றிய எந்தக் கேள்விக்கும் மாணவர்கள் மூன்று படியாகப் பதிலை அமைக்கலாம். முதலில் சொல்: என்ன பொருள், எந்த மொழி, ஒலிவடிவம் எப்படி. அடுத்து மனிதர்: முதலில் யார் தாங்கினார், எந்த ஊர், எந்தக் காலம். கடைசியாக வழி: பெயர் அடுத்தவருக்கு எப்படிப் போனது, அதற்கு எழுத்துச் சான்று என்ன. ஒவ்வொரு படியிலும் சான்று எங்கே முடிகிறது, ஊகம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பயிற்சிக்குச் சில கேள்விகள்:

1. பர்சிலாய் என்ற பெயரைச் 'சிலாயின் மகன்' என்று பிரிப்பது ஏன் பொருந்தாது? இரண்டு காரணம் தருக.

2. எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் விலக்கப்பட்ட பர்சிலாய், கோஸ் ஆகிய குடும்பங்களின் பிற்கால நிலையை ஒப்பிட்டு எழுதுக.

3. ஆளுநரின் தீர்ப்பு நியாயமானதா? அவர் பக்கத்துக் காரணங்களையும் அந்தக் குடும்பத்தின் நிலையையும் எடுத்துக்காட்டி வாதிடுக.

மூன்றாவது கேள்வியை எழுத்தில் கேட்பதைவிட, வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்துப் பேச விடுவது நல்லது. ஏடு இல்லை என்பதால் ஒருவரை மறுப்பதற்கும், ஏடு இல்லாமலே எல்லாரையும் ஏற்றுக்கொள்வதற்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்று பிள்ளைகளே தேடட்டும். 2,500 ஆண்டுகளுக்கு முன்பு எருசலேமில் ஓர் அதிகாரி அந்தக் கோட்டைப் போட்டார். இன்றும் ஒவ்வொரு பதிவு அலுவலகத்திலும் யாரோ ஒருவர் அதைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.